பாலத்துக்கு அடியிலிருந்து பேசியது

அத்தை அவர்களுக்கு,

வணக்கம். இடுப்பில் போட்ட தையலைப் பிரித்துவிட்டார்கள், ஆனால் நீங்கள் கட்டிலைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறீர்கள் என்று உங்கள் மகள் சொன்னாள். வலிதான் காரணம் என்றால் டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றிக்கொள்ளலாம். வேறு காரணம் என்றால் அதற்கு என்னிடமும் மருந்து இல்லை. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். கை வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு உங்கள் மகள் போனை உங்கள் காதில் வைத்தபோது நீங்கள் அழவில்லை. கடைசியா என்ன சொன்னான், என்னைக் கேட்டானா என்று மட்டும் கேட்டீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு வாய் எழவில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். கட்டாகவில்லை அத்தை. நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். நீங்கள் மூச்சு விடுவது கேட்டது.

உங்கள் மகன் தண்ணீருக்குள் இறங்கும்போதெல்லாம் மேலே மிதவையில் உட்கார்ந்து அவரோடு பேசிக்கொண்டிருப்பதுதான் என் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். ஹெல்மெட்டுக்குள் ஒரு மைக், காற்றுக் குழாயோடு சேர்த்துக் கட்டிய ஒயர், மறுமுனையில் நான். எங்களுடைய போன் பெட்டி பழசு, பேச்சைப் பதிவு செய்யாது. அதனால் அன்று அவர் என்ன பேசினார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் எதை எழுதினாலும் நீங்கள் அதை நம்பித்தான் ஆக வேண்டும். இதை நினைத்து நினைத்தே எழுதுவதைத் தள்ளிப் போட்டுவிட்டேன்.

உங்கள் மகள் நல்ல எண்ணத்தில் ஒன்று சொன்னாள். அம்மா அம்மான்னு கூப்பிட்டுட்டே இருந்தார்னு எழுதிடுங்க அண்ணி, அம்மாவுக்கு மனசு ஆறும் என்றாள். அப்படியே எழுதினேன். ஒரு பக்கம் வந்தது. படித்துப் பார்த்தால் அதில் இருந்த ஆள் எனக்கே யாரென்று தெரியவில்லை. சினிமாவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வசனம் பேசிச் சாகிறவர் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படிக்க முடியாவிட்டால் மகளிடம் கொடுத்து மெல்லப் படிக்கச் சொல்லுங்கள்.

நாங்கள் வேலை செய்யும் கடல் பாலத்தை நீங்கள் பார்த்ததில்லை. கரையிலிருந்து கடலுக்குள் நீண்டுபோய் நிற்கும். முன்பு கப்பலுக்கு மூட்டை ஏற்றியது, இப்போது சாயங்காலம் ஜனங்கள் காற்று வாங்க நடப்பது. மேலே பார்த்தால் கம்பிக்கெல்லாம் புது பெயிண்ட் அடித்து மாப்பிள்ளை மாதிரி இருக்கும். கீழேதான் வியாதி. அலை ஏறி இறங்கும் உயரத்தில் கான்கிரீட் தூண்களுக்குள் உப்பு புகுந்து, உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதி, வெளியே இருக்கும் கான்கிரீட்டை வெடிக்க வைத்துவிடும். இன்னும் கீழே போனால் தூண் ஊன்றிய இடத்தில் மணலைக் கடல் அரித்துக்கொண்டு போயிருக்கும். ஒவ்வொரு தூணாகப் பாசியும் சிப்பியும் சுரண்டி, உளுத்ததைக் கொத்தி எடுத்து, சுற்றி ஃபைபர் உறை மாட்டி, அதற்குள் அடியிலிருந்து சிமெண்ட் கலவையை பம்ப் பண்ண வேண்டும். கலவை மேலே ஏற ஏறத் தண்ணீர் வெளியே போகும். அவர் இதைக் காலுக்கு பேண்ட் மாட்டுறது என்பார். கீழே ஒரே கலங்கல். கண்ணைத் திறந்து வைத்திருந்தாலும் மூடி வைத்திருந்தாலும் ஒன்றுதான், எல்லாம் கைதான்.

நிலத்தில் நின்று பிழைத்தவனைத் தண்ணீருக்குள் இழுத்துப் போட்டுவிட்டாள் என்று நீங்கள் சொன்னது அப்போதே என் காதுக்கு வந்துவிட்டது. நான் இழுக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். அவர் பாலத்தின் தளத்தைப் பூச வந்த கொத்தனார். என் அப்பாவுக்குத் தண்ணீருக்கடியில் ரிப்பேர் வேலை, நான் அப்பாவுக்கு போன் பிடிப்பவள். ஒருநாள் அவர் அப்பாவிடம் வந்து, மேல நாங்க பூசிட்டே இருக்கோமே, கீழ கால் எப்படி இருக்குன்னு யாராவது தொட்டுப் பார்த்தீங்களா என்று கேட்டார். அவ்வளவு சந்தேகம்னா நீயே போய்ப் பாரேன் என்று அப்பா விளையாட்டாகச் சொன்னார். இவர் சட்டையைக் கழற்றிவிட்டார். மேலே வந்து சொட்டச் சொட்ட உட்கார்ந்து, எல்லாக் காலும் புண்ணா இருக்குங்க என்றார். அதற்குப் பிறகு தளத்து வேலைக்குப் போகவே இல்லை. அவர் இறங்கியது பாலத்துக்காகவா எனக்காகவா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கிண்டல்தான் பதிலாக வந்திருக்கும்.

தண்ணீருக்குள் இருப்பவரோடு பேசும்போது பெயர் சொல்ல மாட்டோம். கீழே இருப்பவர் என்னை மேலே என்று கூப்பிடுவார், நான் அவரைக் கீழே என்று கூப்பிடுவேன். அதுவே பழகிப்போய் வீட்டிலும் என்னை மேலே என்றுதான் கூப்பிடுவார். மேலே, டீ போட்டியா என்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடியில் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு மாடியே கிடையாது.

அன்று கடல் தட்டில் ஊற்றின தண்ணீர் மாதிரி இருந்தது. அவரும் வாத்தும் சேர்ந்து இறங்கினார்கள். வாத்து என்பது அவரோடு முங்கும் இன்னொரு டைவர், இளவயசுக்காரன். காலில் துடுப்பு மாட்டிக்கொண்டு மிதவையில் நடக்கும் நடையைப் பார்த்து இவர் வைத்த பெயர். உறையை மாட்டிப் பூட்டி, பம்ப்பை ஓட விட்டாயிற்று. வாத்து ஒரு ஸ்பேனர் எடுக்க மேலே வந்தான். இவர் கீழேயே இருந்து உறையின் இணைப்பில் எங்காவது கலவை கசிகிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தூணையும் அடுத்த தூணையும் சேர்த்துத் தண்ணீருக்கடியில் ஒரு குறுக்கு உத்தரம் உண்டு. அதை முன்பே சோதித்தார்கள். என்ஜினியர்களும் தட்டிப் பார்த்தார்கள், இவரும் சுத்தியலால் தட்டிப் பார்த்து நல்லா இருக்கு என்றுதான் சொன்னார். உள்ளே கம்பி முழுக்கத் தின்றுபோயிருந்தது யாருக்கும் கேட்கவில்லை. யார் மேல் தப்பு என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் தேடிக்கொண்டேதான் இருக்கிறேன். கோபத்தை வைக்க ஒரு இடம் கிடைத்தால் எனக்கும் கொஞ்சம் பாரம் குறையும்.

காதில் மூட்டையை இறக்கின மாதிரி ஒரு சத்தம். நான் கீழே, கீழே என்று கத்தினேன். கொஞ்ச நேரம் காற்று இரைவது மட்டும் கேட்டது. பிறகு அவர் குரல் வந்தது. ஒண்ணும் இல்ல, ஏதோ மேல உட்கார்ந்திருக்கு என்றார். உத்தரம் சரிந்து அவரை இடுப்பிலிருந்து கீழே மணலோடு அழுத்திப் பிடித்திருந்தது. காற்றுக் குழாய்க்கு ஒரு கீறல் இல்லை. அந்த நேரத்தில் அதை நான் பெரிய அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

வாத்து போய்த் தடவிப் பார்த்துவிட்டு வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும், காற்று அனுப்பும் கம்ப்ரசர் பக்கத்தில் நின்ற அப்பா செல்போனை எடுத்துவிட்டார். கிரேன் படகு, ஆம்புலன்ஸ், துறைமுகத்து டைவர்கள் எல்லோரையும் கூப்பிட்டார். எல்லோரும் வந்தார்கள் அத்தை, யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உத்தரத்தைச் சும்மா இழுக்க முடியாது. ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் இன்னும் அழுத்தும். காற்றுப் பை கட்டி, ஜாக்கி வைத்து, விரல் கனம் விரல் கனமாகத்தான் ஏற்ற வேண்டும். காலையில் விழுந்தது, வெயில் சாய்ந்த பிறகும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவ்வளவு நேரமும் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

முதலில் சொன்னது பம்ப்பைப் பற்றி. நிறுத்தச் சொல்லு, இல்லன்னா கலவை குழாய்க்குள்ளயே இறுகிடும், தண்ணி விட்டு அலசச் சொல்லு என்றார். இப்ப இதுவா முக்கியம் என்று அழுதுகொண்டே திட்டினேன். வேற என்ன வேலை இருக்கு எனக்கு, படுத்துட்டுதானே இருக்கேன் என்றார். வலிக்கிறதா என்று கேட்டேன். முதலில் வலித்தது, இப்போது கால் மரத்துப்போய்விட்டது என்றார். இத்தனை வருஷம் நான் தூணைப் பிடிச்சிட்டு இருந்தேன், இன்னைக்கு அது என்னைப் பிடிச்சிக்கிட்டு விடமாட்டேங்குது என்று சொல்லிச் சிரித்தார். ஹெல்மெட்டுக்குள் சிரித்தால் காற்று புஸ் புஸ் என்று இரையும். நானும் சிரித்துவிட்டேன். சிரித்தேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சிரித்தேன்.

பிறகுதான் உங்களைப் பற்றிச் சொன்னார். தங்கச்சிக்கு மட்டும் சொல்லு, அம்மாவுக்குச் சொல்லிடாத என்றார். அம்மா ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருக்கா, தெரிஞ்சா ஊசியைப் பிடுங்கிப் போட்டுட்டு நடந்தே கிளம்பிடுவா. எனக்குக் கால் சரியானதும் நானே போய்ச் சொல்லிக்கிறேன். அவளுக்கும் இடுப்பு உடைஞ்சிருக்கு, எனக்கும் கால் போயிருக்கு, ரெண்டு பேரும் ஆளுக்கொரு கம்பை ஊன்றிக்கிட்டு தெருவில ரேஸ் விடலாம் என்றார். நீயும் வா, வாசல்லயே நிக்க வச்சாலும் நில்லு, என்ன, அடிக்கவா போறா என்றார். நான் வருகிறேன் என்று சொன்னேன்.

உறையின் இணைப்பு அவர் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. உத்தரம் இடித்ததில் அது கொஞ்சம் விலகி, உள்ளே ஏறியிருந்த கலவை கசிந்துகொண்டிருந்தது. அவர் அதை எடுத்துக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்த்துப் பார்த்திருக்கிறார். இந்தக் கலவையை அம்மா பார்த்தா ஒரு குறை சொல்ல முடியாது என்றார். எதற்கு அத்தை வந்து கலவையைப் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார், நீங்கள் கட்டட வேலையில் சாந்துச் சட்டி சுமந்து படியேறினதை. விரலில் தேய்த்துப் பார்த்து மணல் சரியில்லை என்றால் சட்டியை அப்படியே கவிழ்த்துவிட்டு, திரும்பக் கலக்குடா என்பீர்களாம். பெரிய கொத்தனாரே உங்களைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவாராம். ஒரு தடவை இவர் ஈரச் சுவரில் கையை அழுத்திப் பதித்துவிட்டு உங்களிடம் முதுகில் வாங்கிக்கொண்டதையும் சொன்னார். அந்த அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது, இந்த உத்தரமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்றார்.

எனக்கு இதெல்லாம் தெரியாது அத்தை. உங்கள் பேச்சை எடுத்தால் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் வலிக்கும் என்று நாங்கள் எடுப்பதே இல்லை. உங்களைப் பற்றி அவர் என்னிடம் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

போகப் போகப் பேச்சு குறைந்தது. குளிருது என்றார். நீ ஏதாவது பேசிட்டே இரு, நான் கேட்டுட்டு இருக்கேன் என்றார். என்ன பேசுவது? குழாயடியில் நடந்த சண்டை, சைக்கிள் பஞ்சரானது, அப்பா கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே வீடு முழுக்கத் தேடியது, எல்லாம் பேசினேன். ஒவ்வொன்றுக்கும் ம் என்றார். ஒரு ம் வர நேரமானால் என் உயிர் போய்ப் போய் வந்தது.

கடைசியில் உத்தரம் எழும்பியது. வாத்துதான் ஜாக்கியைச் சுற்றினான். கிரேன் படகிலிருந்தவர்கள் தூக்கியாச்சு, தூக்கியாச்சு என்று கத்தினார்கள். பாலத்தின் மேல் நின்றவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவர் மேலே என்றார். என்னைக் கூப்பிட்டாரா, உத்தரம் மேலே போகிறது என்று சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன், தெரியவில்லை. நான் சொல்லுங்க என்றேன். அதற்குப் பிறகு காற்று இரைந்தது, அவர் மூச்சு அதில் இல்லை.

டாக்டர் பிறகு விளக்கிச் சொன்னார். நசுங்கின காலில் தேங்கி நின்ற கெட்ட ரத்தம், பாரம் எடுபட்டதும் ஒரேயடியாக நெஞ்சுக்கு ஏறிவிடுமாம். பாரம் இருந்த வரைக்கும் அவர் இருந்தார். ஆனால் எடுக்காமல் எத்தனை நேரம் விட்டுவைக்க முடியும்? 

இதுதான் அத்தை அவர் பேசியது. உங்களைக் கேட்டானா என்று கேட்டீர்கள். அம்மா என்று அலறவில்லை. உங்களை வரச் சொல்லவும் இல்லை. அடுத்த மாதம் பார்க்கப்போகிற ஆளைப் பற்றிப் பேசுவதுபோல் உங்களைப் பற்றிப் பேசினார். போகப்போகிறோம் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு என்னவெல்லாம் சொல்லியிருப்பாரோ. அது உங்களுக்கும் கிடைக்கவில்லை, எனக்கும் கிடைக்கவில்லை.

நேற்று இந்த இடத்தில் எழுத முடியாமல் எழுந்துவிட்டேன். இன்று பாலத்துக்குப் போய்விட்டு வந்து தொடர்கிறேன்.

விசாரணை முடிந்து, மற்ற உத்தரங்களையெல்லாம் விழாதபடி சங்கிலியால் கட்டி நிறுத்தி, வேலையைத் தொடரலாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா இந்த வேலையே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். அவர் முன்போல் இல்லை. கம்ப்ரசரைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார், துடைத்ததையே திரும்பத் துடைக்கிறார். நான்தான் செய்வோம் என்றேன். பாலத்தின் மேல் ஆசையால் இல்லை. உங்கள் மகன் மாட்டின உறையை வேறு யாரோ வந்து உடைத்து எடுத்துப் போடுவதை என்னால் தாங்க முடியாது.

வாத்து அந்த நாளுக்குப் பிறகு வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை. ஜாக்கியைச் சுற்றினது நான், அண்ணனைக் கொன்னது நான்தான் என்று அவன் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தானாம். நான் போய் டாக்டர் சொன்னதைச் சொன்னேன், நீ சுற்றாமல் இருந்திருந்தால் உன்னை நான் மன்னித்திருக்கவே மாட்டேன் என்றும் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்று காலையில் தானாகவே வந்து மிதவையில் நின்றான். போன்ல நீங்க இருந்தா இறங்குறேன்க்கா என்றான்.

மறுபடியும் அந்த ஹெட்போனை மாட்டுவேன் என்று நான் நினைக்கவில்லை. மாட்டினேன். மூச்சு கேட்டது. ஒவ்வொருவர் மூச்சும் ஒவ்வொரு மாதிரி இருக்கும் அத்தை. உங்கள் மகனுடையது நிதானமாக வரும், ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் யோசிக்கிற மாதிரி ஒரு நிறுத்தம் இருக்கும். வாத்தினுடையது பஸ்ஸுக்கு ஓடுகிறவன் மூச்சு. அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவன் தூணைத் தட்டித் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, அக்கா, அண்ணன் ஏத்தின பாதி கல்லு மாதிரி இறுகியிருக்கு என்றான். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தான். ஹெல்மெட்டுக்குள் அழுதால் கண்ணைத் துடைக்க முடியாது, மூக்கைச் சிந்த முடியாது. அழுது முடிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். காத்திருந்தேன். அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவன் அடங்கினதும், மேல்பக்கத்தை நல்லாச் சுரண்டிவிடு, அப்பதான் புதுசு ஒட்டும் என்றேன். சரிக்கா என்றான். மத்தியானம் மீதிப் பாதியையும் ஏற்றி முடித்தோம்.

சாயங்காலம் பாலத்தின் கரைப்பக்கத்தில் ஜனங்கள் நடந்தார்கள். ஒரு குழந்தை கம்பி வழியாகக் குனிந்து எங்களைப் பார்த்துக் கை ஆட்டியது. எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் கோபம் வந்தது. அவர்களுக்கு என்ன தெரியும், பாவம். நானும் பதிலுக்குக் கையை ஆட்டினேன்.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு சுவர் பாதிதான் பூசியிருக்கிறது. ஊர்த் தூணையெல்லாம் பூசுகிறவருக்குச் சொந்தச் சுவரைப் பூச நேரமில்லை என்று நான் நாள் தவறாமல் சொல்லிக்காட்டினேன். அவர் பூசின பாதி கண்ணாடி மாதிரி இருக்கிறது, மீதியில் செங்கல் தெரிகிறது. வேறு கொத்தனாரைக் கூப்பிட எனக்கு மனமில்லை, அப்படியே விடவும் முடியவில்லை. இதில் என்ன செய்வது என்று கேட்க எனக்கு யாரும் இல்லை.

நீங்கள் காலை ஊன்றுங்கள் அத்தை. ஆஸ்பத்திரியிலிருந்து பிசியோதெரபிக்காரப் பெண் வந்து பயிற்சி கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். முதலில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நடங்கள். சாப்பிடுங்கள். நடக்க முடிந்ததும் ஒரு தடவை இங்கே வாருங்கள், நானே வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். அவர் பூசின பாதியைத் தொட்டுப் பாருங்கள். மீதிக்கு என்ன செய்யலாம் என்று நீங்கள் சொல்லுங்கள். என்னைத் திட்ட வேண்டும் என்று வைத்திருப்பதையெல்லாம் என் எதிரில் நின்று திட்டுங்கள். நான் ஒரு வார்த்தை பதில் பேச மாட்டேன். திட்டி முடித்த பிறகு எங்கேயும் போக வேண்டாம், கொஞ்ச நாள் இருங்கள்.

உங்கள் கால்களைத் தொட்டு,
உங்கள் மகன் வீட்டிலிருந்து,
மருமகள்